கலைத்த காட்டில் என்ன முளைக்கிறது? ஊசியிலைக் காட்டின் தரைச் செடிகளைக் கணக்கெடுக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளிலும் அரிசோனாவின் பைன் காடுகளிலும் மரங்களைக் கலைப்பதும் திட்டமிட்டுத் தீ வைப்பதும் இப்போது பெரிய அளவில் நடக்கின்றன. சோளக் கொல்லையில் நெருங்கி முளைத்த பயிரைக் கலைத்துவிடுவதுபோல, நெருங்கி நிற்கும் மரங்களில் ஒரு பங்கை வெட்டி எடுப்பது கலைப்பு. காற்றும் ஈரமும் தோதாக இருக்கும் நாளில், எல்லை போட்டு, ஆள் நிறுத்தித் தரையை எரிப்பது திட்டமிட்ட தீ. இரண்டுமே காட்டுத்தீயின் வேகத்தைக் குறைக்கத்தான். அதனால் பேச்செல்லாம் மரத்தைப் பற்றியும், எரியக் காத்திருக்கும் விறகைப் பற்றியுமே சுற்றி வருகிறது.

ஆனால் சியராவின் கலப்பு ஊசியிலைக் காட்டில் மர வகைகளை எண்ணினால் ஐந்தாறுதான் தேறும். மற்ற தாவர இனங்கள் அத்தனையும் அந்த மரங்களுக்குக் கீழே வாழும் புல், பூண்டு (தண்டு மரமாகாத சிறுசெடி), புதர்கள்தான். தேனீயும் மானும் இவற்றை நம்பித்தான் இருக்கின்றன. ஒரு காட்டுக்குச் செய்த வைத்தியம் பலித்ததா என்று தெரிய வேண்டுமானால் குனிந்து தரையைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அங்கே படிக்கப் போயிருக்கும் மாணவர்கள், வார இறுதியில் மலையேறுபவர்கள், தன்னார்வலராகச் சேர விரும்புபவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் போதும்.

படி 1: அந்த இடத்தின் தீ வரலாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

செடியைப் பார்ப்பதற்கு முன் நான்கு தகவல்கள் கையில் இருக்க வேண்டும். கடைசியாக எப்போது எரிந்தது, எப்போது கலைத்தார்கள், வெட்டிய கிளைகளை என்ன செய்தார்கள், தீ வைத்தது வசந்தத்திலா இலையுதிர்காலத்திலா. வன அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. கிளைகளைக் குவித்து எரித்தார்களா, அரைத்துப் பரப்பினார்களா, அப்படியே விட்டார்களா என்பதைப் பொறுத்து கீழே முளைப்பது அடியோடு மாறிவிடும்.

தெற்கு சியராவில், ஃபிரெஸ்னோ நகருக்குக் கிழக்கே டீகெட்டில் சோதனைக்காடு இருக்கிறது. இந்தத் துறைக்கு வருபவர்கள் முதலில் படிக்க வேண்டிய இடம் அதுதான். அங்கே பழைய மரங்களின் தீத்தழும்புகளை எண்ணிப் பார்த்ததில், முன்பு சராசரியாக 12 முதல் 17 ஆண்டுகளுக்கு ஒருமுறை தரைத்தீ வந்துபோயிருக்கிறது. 1865-க்குப் பிறகு பரவலான தீ எதுவும் இல்லை. ஆட்டு மந்தைகள் புல்லைத் தின்று தீர்த்தன. காட்டுக்குப் பக்குவமாகத் தீ வைத்துவந்த பழங்குடி மக்கள் தங்கள் நிலத்திலிருந்து விரட்டப்பட்டார்கள். பின்னர் அரசே தீயணைப்பைக் கொள்கையாக்கியது. 1935-இல் அமெரிக்க வனத்துறை போட்ட விதிப்படி, எந்தத் தீயானாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கப்பட்டாக வேண்டியிருந்தது. 1968-இல் தேசியப் பூங்காத் துறை தீயைப் பற்றிய தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. ஆனால் அதற்குள் பல காடுகளில் நிழலைத் தாங்கும் வொயிட் ஃபிர், இன்சென்ஸ் சீடர் மரங்கள் இடைவெளியெல்லாம் நிரம்பிவிட்டிருந்தன.

வடக்கே கிளாமத் ஆற்றுப் பகுதியில் வாழும் கரூக், யூரோக் மக்கள் கூடை முடைய ஹேசல் புதரின் நேரான இளங்கழிகளைத் தேடுவார்கள். எரித்த புதரிலிருந்துதான் அவை கிளை விடாமல் நீண்டு வரும். தீக்குப் பிறகு எந்தச் செடி எப்படி வளரும் என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த கல்வி. ஆராய்ச்சியாளர்கள் இன்று எண்ணிக்கையோடு தேடுவதில் பாதி அங்கே ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் போகும் இடம் எந்த மக்களின் பாரம்பரிய நிலம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களில் யாராவது கூட வந்தால் அதைவிட நல்ல பாடம் கிடையாது.

படி 2: கலைப்பு என்ன செய்கிறது, தீ என்ன செய்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

புதியவர்கள் பலரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது இங்கேதான். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு சின்னஞ்சிறு விதை முளைத்து நிலைக்க வெளிச்சம், கோடையிலும் காயாத ஈரம், வேர் தொடக்கூடிய மண் மூன்றும் வேண்டும். மரத்தை வெட்டினால் முதல் இரண்டும் வரும். மேற்கவிகை, அதாவது மரக்கிளைகள் சேர்ந்த கூரை, திறக்கிறது, வெயில் தரைக்கு இறங்குகிறது. மரக்கிளையில் தங்கி ஆவியாகிப் போகும் பனியில் கூடுதல் பங்கு தரையில் விழுகிறது. உறிஞ்சும் வேர்கள் குறைவதால் மண்ணின் ஈரம் கோடையில் இன்னும் சில காலம் தாங்குகிறது. ஆனால் மூன்றாவது தேவை தீர்வதில்லை. தரையில் ஏற்கெனவே கிடக்கும் ஊசிச் சருகின்மேல் வெட்டிய கிளையும் பட்டையும் தூளும் சேர்ந்து இன்னும் கனமான போர்வை ஆகிவிடும். இயந்திரத்தால் அரைத்துப் பரப்பினால் சொல்லவே வேண்டாம். மரம் இழுத்த தடங்களில் மண் இறுகியும் போயிருக்கும்.

தீ இதற்கு நேர்மாறு. சருகைத் தின்று மண்ணைத் திறந்துவிடுகிறது. எரிந்த உடனே மண்ணில் அம்மோனிய வடிவ நைட்ரஜன் கூடுகிறது, பிறகு நைட்ரேட்டும் உயர்கிறது. புதிதாக முளைப்பவற்றுக்கு இது ஓரிரு ஆண்டு உரம். சில விதைகளை வெப்பமோ கரியோ புகையோதான் எழுப்பும். ஆனால் அடக்கமாக எரியும் தரைத்தீ பெரிய மரங்களை அவ்வளவாகக் கொல்லாது. அதனால் நெருங்கிய காட்டில் தீ மட்டும் வைத்தால் மண் திறக்கும், நிழல் அப்படியே இருக்கும்.

டீகெட்டிலில் இதைத்தான் சோதித்தார்கள். தலா 4 ஹெக்டேரில் 18 மனைகள், அதாவது ஆய்வுக்காக அளந்து பிரித்த நிலத்துண்டுகள். கலைக்காதது, சிறிய, நடுத்தர மரங்களை எடுத்தது, பெரிய மரங்கள் வரை எடுத்து ஹெக்டேருக்கு 22 மட்டும் விட்டது என மூன்று வகை. அவை ஒவ்வொன்றிலும் எரித்தது, எரிக்காதது என இரண்டு. ஆக ஆறு கூட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று மனை. 2000, 2001-இல் வெட்டினார்கள், 2001 இலையுதிர்காலத்தில் எரித்தார்கள். கலைத்து எரித்த மனைகளில்தான் பூண்டு வகைகளின் பரப்பும் இன எண்ணிக்கையும் நன்றாகக் கூடின. தனித்தனியாகச் செய்தவற்றில் மாற்றம் சொற்பம். கலைத்து மட்டும் விட்ட இடத்தில் சருகும் வெட்டுக்கழிவும் குறுக்கே நின்றன. எரித்து மட்டும் விட்ட இடத்தில் மேலே கவிகை திறக்கவில்லை.

இதனால் "மரத்தை வெட்டினாலே போதும், தீ எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்: மர நெருக்கத்தைக் குறைக்க வேண்டுமானால் அது போதலாம், தரைச் செடிக்குப் போதாது. ரம்பத்தால் சருகை எரிக்க முடியாது.

எல்லாச் செடிக்கும் தீ நல்லது என்று நினைத்துவிடவும் கூடாது. பனி உருகும் பருவத்தில் சருகைப் பிளந்துகொண்டு ரத்தச் சிவப்பாக எழும் ஸ்னோ பிளான்ட்டைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பச்சையம் இல்லை. மர வேரோடு இணைந்த பூஞ்சையிடமிருந்து உணவு வாங்கி வாழ்கிறது. கோரல்ரூட் ஆர்க்கிட்டும் அப்படித்தான். நிழலையும் பூஞ்சை இழையையும் நம்பி வாழும் இவற்றுக்கு, ஒரே சீராக முழுக்க எரிந்த தரை உகந்த இடமல்ல. ஆங்காங்கே திட்டுத்திட்டாக எரியாமல் விட்டுப்போன தீயைத்தான் நல்ல தீ என்று நான் நினைக்கிறேன்.

படி 3: ஒப்பிட இடம் தேர்ந்தெடுங்கள், அனுமதி வாங்குங்கள்

எரித்த இடத்தை மட்டும் பார்த்து "அடடா, எவ்வளவு பூ!" என்று எழுதினால் அது கணக்கெடுப்பு ஆகாது. அந்த ஆண்டு நல்ல பனி விழுந்திருந்தால் எரிக்காத இடத்திலும் பூத்திருக்கும். குறைந்தது, எதுவும் செய்யாத ஓர் இடமாவது பக்கத்தில் வேண்டும். அதே உயரம், அதே சரிவு, அதே திசை. தெற்கு பார்த்த சரிவையும் வடக்கு பார்த்த சரிவையும் ஒப்பிட்டால் வெயிலின் வேறுபாட்டைத்தான் அளந்திருப்பீர்கள். வேலை நடப்பதற்கு முன்பே ஒருமுறை அளக்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். முன்னும் பின்னும், செய்ததும் செய்யாததும் என நான்கும் கையில் இருந்தால்தான் ஆணித்தரமாகப் பேச முடியும்.

இன்னொன்று. எரித்த ஒரே மனையில் பத்துச் சட்டம் (தரையில் வைத்து அளக்கும் சதுரச் சட்டகம்) வைத்து அளந்தாலும் அது ஒரு மனைதான். ஐம்பது வைத்தாலும் ஒன்றேதான். தனித்தனியாக எரித்த மூன்று மனைகளில் கொஞ்சம் கொஞ்சம் அளப்பது அதைவிட எவ்வளவோ மேல்.

தேசிய வனத்தில் நடந்து பார்ப்பதற்குத் தடை இல்லை. ஆணி அடிக்க, செடி பறிக்க, ஆய்வு மனை அமைக்க எழுத்துமூலம் அனுமதி வேண்டும். தேசியப் பூங்காவில் இது இன்னும் கண்டிப்பு. தனியாகத் தொடங்கத் தயங்குபவர்கள் கலிஃபோர்னியா நேட்டிவ் பிளான்ட் சொசைட்டியின் உள்ளூர்க் கிளையை அணுகலாம். தீ வைக்கும் வேலையையே நேரில் கற்க விரும்பினால், பல மாவட்டங்களில் நில உரிமையாளர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து நடத்தும் எரிப்புச் சங்கங்கள் இருக்கின்றன.

படி 4: சரியான மாதம்

சியராவில் கோடை வறண்டது. நடு உயரங்களில் ஜூன், ஜூலையில் பார்த்துவிட வேண்டும். ஆகஸ்ட் வந்தால் ஓராண்டுச் செடிகள் காய்ந்து பொடியாகிவிடும். அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் கதையே வேறு. அங்கே ஜூலை, ஆகஸ்டில் பருவமழை பெய்யும், அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில்தான் புல் கதிர் விடும். ஒவ்வோர் ஆண்டும் ஒரே வாரத்தில் போகப் பாருங்கள். தேதியைவிட, குறிப்பிட்ட ஒரு செடி பூக்கும் நிலையை அடையாளமாக வைத்துக்கொள்வது இன்னும் நல்லது, ஏனென்றால் பனி உருகும் காலம் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

படி 5: பையில் என்ன, காலில் என்ன

50 மீட்டர் நாடா, பிளாஸ்டிக் குழாயில் செய்த 1 மீட்டர் சதுரச் சட்டம், சென்டிமீட்டர் அளவுகோல், பெரிய கத்தி, பென்சில், மழைக்கு நனையாத தாள், கைபேசி, சிறு உருப்பெருக்கி. இவ்வளவுதான்.

பாதுகாப்பில் மட்டும் அலட்சியம் கூடாது. எரிந்த காட்டில் நிற்கும் பட்ட மரம் காற்றே இல்லாத நேரத்திலும் விழும். அதன் அடியில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், பையை வைக்காதீர்கள், காற்று எழுந்தால் வேலையை நிறுத்திவிட்டு வெளியேறுங்கள். புதிதாக எரிந்த இடத்தில் வெள்ளைச் சாம்பல் குழிந்து கிடந்தால் கால் வைக்க வேண்டாம். வேர் எரிந்து குடைந்த குழிக்குள் நாள் கணக்கில் நெருப்பு கனன்றுகொண்டிருக்கும். தரைக்குள் கூடு கட்டும் மஞ்சள் குளவிகள், உண்ணி, கீழ்ச் சரிவுகளில் தோலை அரிக்கும் பாய்சன் ஓக் ஆகியவற்றிலும் கவனம் வேண்டும்.

வண்டியிலிருந்து இறங்கியதும் காலணி அடிப்பகுதி, கால்சட்டை மடிப்பு, காலுறை எல்லாவற்றையும் தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். ஏன் என்று படி 8-இல் சொல்கிறேன்.

படி 6: தரையில் மண்டியிடுங்கள்

நாடாவை நேராக இழுத்துக் கட்டுங்கள். தொடங்கும் இடத்தையும் திசையையும் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்க வேண்டும். கைபேசியில் ஏதாவது ஓர் எண்ணை எடுக்கச் சொன்னால் போதும். ஐந்து மீட்டருக்கு ஒரு சட்டம், ஆக ஒரு நாடாவுக்குப் பத்து. பத்தாவது மீட்டரில் வெறும் கட்டை கிடக்கிறது, இரண்டடி தள்ளினால் அழகான லூபின் பூத்திருக்கிறது என்று சட்டத்தை நகர்த்தக் கை துறுதுறுக்கும். நகர்த்தாதீர்கள். அந்தக் கட்டையும் காட்டின் கணக்கில் உண்டு.

சட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வோர் இனமும் தரையில் எவ்வளவு பரப்பை மூடுகிறது என்று மதிப்பிடுங்கள். 1 சதுர மீட்டரில் 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரம் சரியாக 1 சதவீதம். அந்த அளவில் ஓர் அட்டையை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டால் கண் சீக்கிரம் பழகும். துல்லியமாகச் சொல்லத் தயக்கமா? டாபன்மயர் வகுத்த ஆறு படிநிலைகளில் ஒன்றைக் குறியுங்கள்: 5 வரை, 5–25, 25–50, 50–75, 75–95, 95-க்கு மேல். இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிட்டு, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. முதல் நாளில் ஒத்தே போகாது, அதற்காக மனம் தளர வேண்டாம்.

செடிகளோடு வெற்று மண், சருகு, கட்டை, கல், சாம்பல் இவற்றின் பரப்பையும் எழுதுங்கள். கவிகை எவ்வளவு திறந்திருக்கிறது என்று தலைக்கு மேல் ஒரு படமும் எடுங்கள்.

அடுத்தது சருகின் ஆழம். நான் மிகவும் விரும்பிச் செய்யும் வேலை இதுதான். எரிக்காத காட்டில் ஒரு பெரிய வொயிட் ஃபிரின் அடியில் கத்தியை நேராக இறக்கி ஒரு துண்டைப் பெயர்த்துப் பாருங்கள். மேலே பழுப்பு நிற ஊசிகள், உருக்குலையாமல், கையில் எடுத்தால் உதிரும். அதற்குக் கீழே ஒடிந்து சாம்பல் பூத்த ஊசிகள், அவற்றைத் தைத்ததுபோல் ஊடே ஓடும் வெள்ளைப் பூஞ்சை இழைகள். இன்னும் கீழே ஊசி என்றே சொல்ல முடியாத கறுத்த மக்கு. கடைசியாகக் கத்தி நறநறவென்று கிரானைட் மணலில் தட்டும். மேலிருந்து அந்த மணல் வரைக்கும் அளவுகோலை வைத்தால், தீ காணாத பெரிய மரத்தடியில் 10 சென்டிமீட்டர்கூட இருக்கலாம். கடுகைவிடச் சிறிய விதை ஒன்று இதன்மேல் விழுந்து முளைத்தால், அதன் வேர் மணலின் ஈரத்தைத் தொடுவதற்குள் ஜூன் வெயிலில் மக்கு காய்ந்துவிடும். செடியும் காய்ந்துவிடும். டீகெட்டில் முடிவுகளின் காரணத்தில் பாதி இந்த ஒரு துண்டுக்குள் இருக்கிறது. பார்த்த பிறகு, பெயர்த்ததை அதே வரிசையில் திரும்ப வைத்து மூடிவிடுங்கள்.

ஒவ்வொரு சட்டத்தின் மூலையிலும் சருகையும் மக்கையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். எரித்த பிறகு இதே எண்தான் முதலில் மாறும். தீ எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கும் இதுவே சாட்சி.

படி 7: பெயர் தெரியாவிட்டாலும் எழுதத் தொடங்குங்கள்

எல்லாச் செடியின் பெயரையும் தெரிந்துகொண்டுதான் போவேன் என்றால் போகவே மாட்டீர்கள். முதலில் குழுவாகப் பிரியுங்கள்: புல்லும் கோரையும், ஓராண்டுப் பூண்டு, பல்லாண்டுப் பூண்டு, புதர், மரக்கன்று. தெரியாததற்கு "நீலப்பூ, எதிரிலை, 1" என்று ஒரு தற்காலிகப் பெயர் கொடுத்து, பூ, இலை, தண்டு மூன்றையும் படம் எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஜெப்சன் இணையத் தாவரக் களஞ்சியத்தில் தேடலாம். ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் படத்தைப் பதிந்தால் உதவ ஆட்கள் இருக்கிறார்கள்.

சியராவில் சிலவற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. கலைத்து எரித்த திறந்த மண்ணில் முதலில் வருபவை கயோஃபைட்டம், கிரிப்டாந்தா, ஃபெசிலியா போன்ற சின்னப் பூண்டுகள். நின்று பார்த்தால் தெரியாது, மண்டியிட்டால்தான் கண்ணில் படும்.

புதர்களில் கவனிக்க வேண்டியது சியனோத்தஸ். அதன் விதை கல்போன்ற உறையோடு மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும். தீயின் வெப்பம் உறையைக் கீறினால்தான் தண்ணீர் உள்ளே போகும். எரிந்த அடுத்த வசந்தத்தில் சாம்பலுக்கு நடுவே தடித்த இரண்டு வித்திலைகளோடு ஒரே இடத்தில் கொத்தாக முளைத்திருந்தால் சியனோத்தஸா என்று பாருங்கள். அந்தப் புதர் இருந்து அழிந்தே நெடுங்காலம் ஆன இடத்தில்கூட இப்படி வரும். இதன் வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்து நிலைப்படுத்தும். மானுக்கும் பிடித்த தீவனம். மான்சனீட்டா விதையை எழுப்புவது பெரும்பாலும் கரியும் புகையும். சரிவின் கீழ்ப்பகுதிகளில் பிசுபிசுப்பான, மணம் வீசும் இலைகளோடு தரையில் பாய் விரித்ததுபோல் கிடப்பது பேர் குளோவர், மிவோக் மக்கள் மொழியில் கிட்கிட்டிஸ். மேலே எரிந்தாலும் மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும், பக்கத்தில் வேறெதையும் எளிதில் வளரவிடாது.

ஆகவே புதரைப் பார்த்தால் ஒரு குறிப்புச் சேருங்கள்: விதையிலிருந்து வந்த கன்றா, எரிந்த அடியிலிருந்து வந்த துளிரா? கையால் மண்ணை விலக்கினால் கரிந்த பழைய தண்டு தென்படும், அல்லது படாது. ஒரு நிமிட வேலை. தீ அந்தச் செடியைக் கொன்றதா, வெறுமனே மொட்டையடித்ததா என்பது இதில் தெரிந்துவிடும்.

அரிசோனாவின் பாண்டரோசா பைன் காட்டில் பார்க்க வேண்டியது புல். அரிசோனா ஃபெஸ்கியூ, மவுன்டன் மஹ்லி, ஸ்குவிரல்டெயில் மூன்றையும் அடையாளம் காணப் பழகுங்கள். ஃபிளாக்ஸ்டாஃப் அருகே 1908-இல் தொடங்கிய ஃபோர்ட் வேலி சோதனைக்காடுதான் அமெரிக்க வனத்துறையின் முதல் ஆய்வு நிலையம். அந்தக் காடுகளில் வனச் சூழலியலாளர் வாலஸ் கோவிங்டனும் வடக்கு அரிசோனாப் பல்கலைக்கழகத்தினரும் 1990-களில் தொடங்கிய மறுசீரமைப்புப் பணிகளில், நெருக்கத்தைக் குறைத்த இடங்களில் புல்லும் பூண்டும் தழைத்தன.

படி 8: வேண்டாத விருந்தாளிகளைத் தேடிப் பாருங்கள்

திறந்த மண்ணும் வெயிலும் நைட்ரஜனும் உள்ளூர்ச் செடிக்கு மட்டும் பிடித்தவை அல்ல. 2000-ஐ ஒட்டி அமெரிக்கா முழுவதும் பல காடுகளில் ஒரே முறையில் நடந்த "தீயும் தீக்கு மாற்றும்" (Fire and Fire Surrogate) என்ற ஆய்வில், எதுவும் செய்யாதது, கலைத்தது, எரித்தது, கலைத்து எரித்தது என்று நான்கையும் ஒப்பிட்டார்கள். மேற்குக் காடுகளில், கலைத்து எரித்த இடம்தான் உள்ளூர் இனங்களுக்கு நல்ல வாய்ப்புத் தந்தது. வெளிநாட்டுக் களைகள் மிகுதியாக நுழைந்ததும் அதே இடத்தில்தான். மொன்டானாவின் லுப்ரெக்ட் சோதனைக்காடு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. மண்ணைத் திறக்கிற அதே கைதான் களைக்கும் கதவைத் திறக்கிறது என்பதால், ஒன்றை மட்டும் எழுதி மற்றொன்றை மறைக்கும் அறிக்கையை நம்பாதீர்கள்.

மிகவும் அஞ்ச வேண்டியது சீட் கிராஸ் என்னும் ஓராண்டுப் புல். யூரேசியாவிலிருந்து வந்தது. இலையுதிர்காலத்திலேயே முளைத்து, மற்றவை விழிக்கும் முன் ஈரத்தைக் குடித்துவிட்டு, கோடைத் தொடக்கத்தில் ஊதா கலந்த சிவப்பாகிக் காய்ந்து, எளிதில் பற்றும் தாளாகிவிடும். அதன் விதைமுனையில் நீண்ட கூர்முள் உண்டு. காலுறையில் குத்தி ஏறி, உங்களோடு அடுத்த மனைக்குப் பயணம் செய்யும். தூரிகை எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். வடக்கு அரிசோனாவின் மவுன்ட் ட்ரம்புலில் கலைத்து எரித்த பைன் காட்டில், 2002-ஆம் ஆண்டின் கடும் வறட்சிக்குப் பிறகு இந்தப் புல் பெருமளவில் பரவியது. வேரூன்றி நிற்கும் ஸ்குவிரல்டெயில் புல் இதற்கு நல்ல எதிரி. அதனால்தான், எரிப்பதற்கு முன் அந்த இடத்தில் பல்லாண்டு உள்ளூர்ப் புல் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை அளந்துகொள்ள வேண்டும். எதுவும் மிச்சமில்லாத இடத்தில், அருகே சீட் கிராஸ் இருந்தால், என்னைக் கேட்டால் முதலில் உள்ளூர் விதைக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் தீயைப் பற்றிப் பேச வேண்டும்.

களைகளைத் தேட உகந்த இடங்கள் சில. சாலையோரம், மரம் இழுத்த தடம், லாரி நின்ற களம். எல்லாவற்றையும்விட, வெட்டுக்கழிவைக் குவித்து எரித்த வட்டங்கள். தாவரத் திசு சாவதற்கு 60 டிகிரி செல்சியஸ் போதும். பரவலாக ஓடும் தரைத்தீ ஓரிடத்தில் அதிக நேரம் நிற்பதில்லை, ஆனால் குவியல் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் கனன்று மண்ணை ஆழமாகச் சுடுகிறது. ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் அப்படி எரித்த வட்டங்களை ஆராய்ந்ததில், மண்ணிலிருந்த உயிருள்ள விதைகளும் வேர்ப்பூஞ்சைகளும் கிட்டத்தட்ட இல்லாமலே போயிருந்தன. பக்கத்து மண்ணைக் கொஞ்சம் அள்ளிப் போட்டு உள்ளூர் விதையையும் தூவியபோது நிலைமை தேறியது. உங்கள் நாடா இப்படிப்பட்ட வட்டத்தைத் தொட்டால், அதைத் தனியாகக் குறியிடுங்கள். முடிந்தால் வட்டத்தின் நடுவிலும் விளிம்பிலும் வெளியிலும் ஒவ்வொரு சட்டம் கூடுதலாக வையுங்கள்.

ஐரோப்பிய முள் திஸிலும் கம்பளி இலையோடு நெட்டையாக நிற்கும் மல்லினும் முதல் சில ஆண்டுகளில் பயமுறுத்தும் அளவுக்கு வரலாம். மல்லின் விதை மண்ணுக்குள் நீண்ட காலம் காத்திருக்கும் வகை. மறுபடி நிழல் கவியும்போது தானே குறைந்துவிடுவது வழக்கம், ஆகவே அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. சீட் கிராஸை மட்டும் அப்படி விட்டுவிட முடியாது.

படி 9: முதல் ஆண்டை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

எரித்த முதல் கோடையில் செடிப் பரப்பு பெரும்பாலும் குறைந்திருக்கும். கறுத்த தரையைப் பார்த்து "காட்டை அழித்துவிட்டார்கள்" என்று சொல்பவர்களும், மூன்றாம் ஆண்டுப் பூக்களைப் பார்த்து "காடு பிழைத்துவிட்டது" என்று சொல்பவர்களும் ஒரே அவசரத்தில்தான் பேசுகிறார்கள். பல்லாண்டுப் பூண்டுகள் மெதுவாக வரும். புதர்கள் இன்னும் மெதுவாக வந்து, பிறகு பூண்டுகளை நிழலால் அமுக்கத் தொடங்கும். சருகும் ஆண்டுதோறும் விழுந்துகொண்டே இருக்கிறது. ஒருமுறை எரித்துவிட்டால் வேலை முடிந்தது என்பது சியராவின் இயல்புக்கே பொருந்தாத எண்ணம். அங்கே ஒரு தலைமுறைக்குள் இரண்டு முறை தீ வருவதே பழைய வழக்கம். டீகெட்டிலில் 2017-இல் இரண்டாம் முறை எரித்ததும் இதனால்தான்.

எரித்த பருவமும் முடிவை மாற்றும். இலையுதிர்காலத்தில் சருகும் மக்கும் நன்றாகக் காய்ந்திருப்பதால் தீ கூடுதலாகத் தின்னும். வசந்தத்திலோ கோடைத் தொடக்கத்திலோ அடியில் ஈரம் இருப்பதால் அது குறையும், எரியாத திட்டுகள் மிஞ்சும். ஆனால் அப்போது செடிகள் துளிர்விட்டு வளர்ந்துகொண்டிருக்கும். செக்கோயா தேசியப் பூங்காவில் இரண்டையும் ஒப்பிட்டார்கள். செடி எந்தப் பருவத்தில் இருந்தது என்பதைவிட, தீ எவ்வளவு தின்றது என்பதே முக்கியமாகத் தெரிந்தது. இரண்டு பருவத்திலும் செடிகள் சில ஆண்டுகளில் மீண்டுவந்தன.

மழையையும் மறக்கக் கூடாது. ஓராண்டுப் பூண்டுகள் ஈரமான ஆண்டில் பெருகி வறண்ட ஆண்டில் காணாமல் போகும். எரித்த மனையின் எண்ணைத் தனியாகப் பார்க்காமல், எதுவும் செய்யாத மனையின் எண்ணோடு சேர்த்து ஒவ்வோர் ஆண்டும் பாருங்கள். இரண்டிலும் ஒன்றுபோல் ஏறினால் அது வானத்தின் வேலை. எரித்ததில் மட்டும் ஏறினால் தீயின் வேலை. மொத்த இன எண்ணிக்கையை மட்டும் எழுதி நிறுத்திவிடவும் வேண்டாம். உள்ளூர் இனம், வெளிநாட்டு இனம், ஓராண்டு, பல்லாண்டு, புதர் என்று பிரித்து எழுதினால்தான் பொருள் விளங்கும். பத்து இனம் கூடியது என்பதில் ஏழு களையாக இருந்தால் அது நல்ல செய்தி அல்ல.

படி 10: அடுத்தவர் கண்டுபிடிக்கும்படி விட்டுச் செல்லுங்கள்

இந்த வேலையின் மதிப்பெல்லாம் ஐந்து, பத்து ஆண்டு கழித்து அதே இடத்தில் மறுபடி அளப்பதில் இருக்கிறது. அப்போது நீங்கள் வேறு ஊரில் இருக்கலாம். நாடாவின் இரு முனைகளிலும், அனுமதி இருந்தால், இரும்புக் கம்பி அடித்து வையுங்கள். பிளாஸ்டிக் கொடியோ மரமுளையோ அடுத்த தீயில் போய்விடும். கைபேசி காட்டும் இடக்குறிப்போடு, அசையாத ஒரு பாறையிலிருந்து எத்தனை மீட்டர், திசைகாட்டியில் எத்தனை டிகிரி என்றும் எழுதுங்கள். ஒவ்வொரு முனையிலிருந்தும் மறுமுனையை நோக்கி, ஒரே உயரத்தில் ஒரு படம். தாளில் எழுதியதை அன்று இரவே கணினியில் ஏற்றிவிட்டு, தாளையும் தூக்கிப்போடாமல் வையுங்கள். தற்காலிகப் பெயர் வைத்த செடிகளுக்கு உண்மைப் பெயர் தெரிந்ததும், எந்தத் தேதியில் மாற்றினீர்கள் என்று குறிப்பெழுதுங்கள். ஒரு பிரதியை வன அலுவலகத்திலோ நீங்கள் சேர்ந்த குழுவிலோ கொடுத்துவிடுங்கள். அடுத்து எந்த ஆண்டில் எரிக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள் என்று அதே நேரத்தில் கேட்டு வைத்துக்கொண்டால், அதற்கு முந்தைய கோடையில் ஒருமுறை அளந்துவிடலாம்.